தண்ணியில கண்டம், ஏரியில விடுமுறை

எங்க ஊர் பேரை முதல் தடவை கேக்கிற வெளியூர்க்காரங்க கட்டாயம் ஒரு கிண்டல் அடிப்பாங்க. "ஜலகண்டாபுரமா? ஊருக்கே தண்ணியில கண்டம்னு ஜோசியம் எழுதி வச்சிட்டாங்களா?" என்று. உண்மை என்னன்னா எங்க பக்கம் தண்ணியில கண்டம் இல்லை, தண்ணிக்குத்தான் கண்டம். சேலம் மாவட்டத்தில் நங்கவள்ளிக்குப் பக்கத்தில், தறிச்சத்தத்துக்கு நடுவில் இருக்கிற ஊர். சுத்துப்பட்டில் ஏரிக்குப் பஞ்சமில்லை. அதில் தண்ணீர் நிற்பதுதான் மழை வைத்த கணக்கு. மேட்டூர் அணையின் உபரி நீரைப் பம்ப் பண்ணி சேலம் மாவட்டத்தில் 100 வறண்ட ஏரிகளை நிரப்பும் திட்டத்துக்கு 2020ல் அடிக்கல் நாட்டினார்கள் என்றால், நிலவரம் என்ன என்று நீங்களே புரிந்துகொள்ளலாம்.

இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு, ஏரியில் பாய்மரப் படகு விட்டு குடும்பத்தோடு விடுமுறை கழிப்பதைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்காதீங்க :) காரணம் இருக்கு.

நம்ம வீடுகளில் "லீவுக்கு போட்டிங் போனோம்" என்றால் ஒரே அர்த்தம்தான். ஏற்காடோ, ஊட்டியோ, கொடைக்கானலோ. கியூவில் நின்று டிக்கெட், மிதிபடகில் அரை மணி நேரம், கரையில் சோளக்கருது, மிளகாய் பஜ்ஜி. இங்கிலாந்தில் ஒரு குடும்பம் ஏரிக்கு லீவுக்குப் போனேன் என்றால் அதற்கு வேறு அர்த்தமும் உண்டு. சின்னதாக ஒரு பாய்மரப் படகு, அதில் பத்து வயசு, பன்னிரண்டு வயசுப் பிள்ளைகள். பாயை இழுத்துப் பிடிப்பதும் சுக்கானைத் திருப்புவதும் அவர்களே. அப்பா அம்மா கரையில். நம்ம விடுமுறைக்கும் அந்த விடுமுறைக்கும் என்ன வித்தியாசம்? ஒன்றில் நாம் படகில் உட்காருகிறோம். இன்னொன்றில் படகை ஓட்டுகிறார்கள். இந்த வித்தியாசம் எப்படி வந்தது என்று தேடிப் பார்த்தால் கொஞ்சம் சரித்திரம் கிடைக்கிறது.

பேர் நம்முடையது, பொழுதுபோக்கு அவர்களுடையது

முதலில் ஒரு தமாஷ். அந்தச் சின்னப் படகுக்கு இங்கிலீஷில் டிங்கி என்று பேர். இந்த வார்த்தை இங்கிலீஷே கிடையாது! வங்காளத்திலும் இந்தியிலும் சின்ன ஓடத்துக்கு டிங்கி, டெங்கி என்பார்கள். கம்பெனிக் காலத்தில் கப்பல்காரர்கள் கையோடு எடுத்துக்கொண்டு போன வார்த்தை அது. நம்ம கட்டுமரம் கட்டமரான் ஆன கதை உங்களுக்குத் தெரியும். ஆக, உலகம் முழுக்க பணக்கார கிளப்புகளில் நிற்கும் ரெண்டு வகைப் படகுக்கும் பேர் கொடுத்தது இந்தியாவில் ஆற்றிலும் கடலிலும் பிழைத்தவர்கள். பேரைக் கொடுத்துவிட்டு நாம் கரையில் நின்றுவிட்டோம்.

டிங்கி விடுமுறை இங்கிலாந்தில் பிரபலமானதில் ஒரு புத்தகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1928 கோடையில், சிரியாவின் அலெப்போ நகரில் டாக்டராக இருந்த அல்டூன்யன் என்பவர் குடும்பத்தோடு வட இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்துக்கு லீவுக்கு வந்தார். கானிஸ்டன் என்ற ஏரி. பிள்ளைகளுக்காக ரெண்டு சின்னப் பாய்மரப் படகு வாங்கினார்கள். குடும்ப நண்பரான ஆர்தர் ரான்சம் என்ற பத்திரிகையாளர் (ரஷ்யப் புரட்சியை நேரில் பார்த்து எழுதியவர், லேசுப்பட்ட ஆளில்லை) பிள்ளைகள் படகு விடப் பழகியபோது கூட இருந்தார். அதை வைத்து அவர் எழுதிய 'ஸ்வாலோஸ் அண்ட் அமேசான்ஸ்' என்ற கதை 1930ல் வந்தது. நாலு பிள்ளைகள் பெரியவர் துணையில்லாமல் படகு ஓட்டிக்கொண்டு தீவுக்குப் போய்க் கூடாரம் அடித்துத் தங்கும் கதை. அதைப் படித்து வளர்ந்த தலைமுறை தன் பிள்ளைகளை ஏரிக்குக் கூட்டிப் போனது.

ஆனால் கதை படித்தால் போதுமா, படகு வாங்கக் காசு வேண்டாமா? அதற்கும் வழி வந்தது. 1947ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர் பிளைவுட் பலகையில், பையன்கள் ஓட்டக்கூடிய மாதிரி, ஏழெட்டு அடி நீளத்தில் குளிக்கும் தொட்டி போல ஒரு படகு வடிவமைத்தார். அதன் பேர் ஆப்டிமிஸ்ட். இன்றைக்கும் உலகம் முழுக்க 15 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைகள் கற்றுக்கொள்வதும் பந்தயம் விடுவதும் பெரும்பாலும் இந்தப் படகில்தான். 1963ல் இங்கிலாந்தில் டெய்லி மிரர் பத்திரிகை 'மிரர்' என்று ஒரு டிங்கியைக் கொண்டுவந்தது. பிளைவுட் துண்டுகளைச் செம்புக் கம்பியால் தைத்து, ஃபைபர் பட்டை ஒட்டி, வீட்டு ஷெட்டிலேயே அப்பாவும் பிள்ளைகளும் செய்துகொள்ளலாம். விலை 63 பவுண்டு சொச்சம். சிவப்புப் பாய்தான் அடையாளம். இதுவரை எழுபதாயிரத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள். பிரபுக்களின் பொழுதுபோக்காக இருந்த ஒன்று, ஒரு தினசரிப் பத்திரிகை படிக்கிறவன் வீட்டுக்கும் வந்த கதை இது.

மலை மேல் படகு ஏறிய கதை

இப்ப நம்ம பக்கம் வருவோம். நம்ம மலை ஏரிகளில் படகு விட்டுப் பொழுதுபோக்கும் பழக்கத்தை வைத்தவர்கள் வெள்ளைக்காரர்கள்தான்.

ஊட்டி ஏரி இயற்கை ஏரி என்று இன்றைக்கும் பலர் நினைக்கிறார்கள். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1823-25 வாக்கில் ஓடைகளை மறித்துக் கட்டியது அது. அப்போது ரொம்பப் பெரிசு. பிற்பாடு ஒரு பகுதியை மேடாக்கினார்கள். இன்றைக்கு பஸ் ஸ்டாண்டும் குதிரைப் பந்தய மைதானமும் இருக்கும் இடமெல்லாம் ஒரு காலத்தில் ஏரிதான். பஸ் ஏறும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

கொடைக்கானல் கதை இன்னும் சுவாரசியம். மதுரை ஜில்லாவில் வேலை செய்த அமெரிக்க மிஷனரிகள் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் பிள்ளைகளைப் பறிகொடுத்து, பயந்துபோய் 1845ல் மலை ஏறினார்கள். ஆக, அங்கே விடுமுறை என்பது ஆரம்பத்தில் ஜாலி இல்லை, உயிர் பிழைக்கும் வழி. பிறகு 1863ல் மதுரை கலெக்டர் வேர் ஹென்றி லெவிஞ்ச் சதுப்பாகக் கிடந்த இடத்தில் ஓடையை மறித்து ஏரி கட்டினார். சுமார் 60 ஏக்கர். அதில் விடுவதற்கு முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து தருவித்தார். யோசித்துப் பாருங்க, அன்றைக்கு மலைக்கு வண்டிச்சாலை கிடையாது. இன்றைய காட் ரோடு வந்ததே முதல் உலகப்போர் சமயத்தில்தான். கடற்கரையில் பிறந்த படகு ஏழாயிரம் அடி உயரத்துக்கு எப்படிப் போயிருக்கும்? மனுஷத் தோளில்தான் போயிருக்க வேண்டும். சுமந்தவர்கள் பேர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. லெவிஞ்ச் பேரில் நினைவுச் சின்னம் உண்டு.

1890ல் கொடைக்கானலில் படகு கிளப் வந்தது. அந்தக் காலத்து கிளப் என்றால் யார் உள்ளே, யார் வெளியே என்று விளக்க வேண்டியதில்லை. 1932ல்தான் சுற்றுலா வருகிறவர்களுக்கும் கதவு கொஞ்சம் திறந்தது.

இதே கதையை வடக்கே நைனிதாலில் பார்க்கலாம். ஷாஜகான்பூரில் சர்க்கரை வியாபாரம் செய்த பாரன் என்பவர் 1841ல் அந்த ஏரியைப் பார்த்துவிட்டு, அடுத்த வருஷமே ஒரு படகை மலைமேல் சுமக்க வைத்துக் கொண்டுபோனார். அந்தப் படகை வைத்து அவர் செய்த காரியம்தான் உச்சம். நிலம் தன்னுடையது என்று உரிமை கொண்டாடிய நர்சிங் என்ற உள்ளூர்ப் பெரியவரை "வாங்க, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்" என்று படகில் ஏற்றி, நடு ஏரியில் நிறுத்தி, உரிமையை விட்டுக்கொடுக்கிறாயா, தண்ணீரில் தள்ளவா என்று மிரட்டிக் கையெழுத்து வாங்கினதாகச் சொல்வார்கள். நீச்சல் தெரியாத ஆள், பாவம், என்ன செய்வார்! நைனிதால் ஏரிப் படகு சவாரியின் முதல் பயணிகளில் ஒருவர் இப்படித்தான் கரை திரும்பினார். நிஜமாகவே தண்ணியில கண்டம்.

ஆனால் நைனிதாலில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. 1910 வாக்கில் லிண்டன் ஹோப் என்பவர் வடிவமைத்த பாய்மரப் படகுகள் அங்கே வந்தன. இவர் 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில் பாய்மரப் போட்டியில் தங்கம் வாங்கியவர். அந்த வகைப் படகுகள் நூறு வருஷம் தாண்டியும் அந்த ஏரியில் ஓடின. நம்ம தெற்கத்தி மலை ஏரிகளில் அப்படி ஒரு பாய்மரப் பழக்கம் வேர் பிடிக்கவில்லை. வெள்ளைக்காரர்கள் போனார்கள். ஊட்டி ஏரியை 1973ல் தமிழ்நாடு சுற்றுலாத் துறை படகுச் சவாரிக்காக எடுத்துக்கொண்டது. மிதிபடகு வந்தது, மோட்டார் படகு வந்தது, வாத்து மூஞ்சி வைத்த படகு வந்தது. நல்லதுதான், ஏழை பாழைகளும் படகு ஏற முடிந்தது. கிளப் கதவு திறந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் கதவு திறந்தபோது நமக்குக் கிடைத்தது படகில் உட்காரும் உரிமை மட்டும். படகு ஓட்டும் வித்தை கிடைக்கவில்லை.

சேலத்துக்காரர்களின் ஏற்காடும் இதே கதைதான். 1820களில் கலெக்டர் காக்பர்ன் காலத்தில் காப்பி வந்து, பின்னாடி பங்களா வந்து, ஊர் வளர்ந்தது. மே மாசம் கோடை விழாவில் படகுப் போட்டி வைப்பார்கள், ஆணும் பெண்ணும் துடுப்புப் போட்டு ஓட்டி பரிசு வாங்குவார்கள். அன்றைக்கு ஒரு நாள் மட்டும் நம்ம ஜனங்கள் பயணியாக இல்லாமல் படகோட்டியாக மாறுகிறார்கள். அவ்வளவு சந்தோஷமாக இருப்பார்கள், பார்த்தால் தெரியும்.

காலடியில் கடல்

இப்ப முக்கியமான இடத்துக்கு வருவோம். ஜலகண்டாபுரத்திலிருந்து மேட்டூர் சுமார் இருபது கிலோமீட்டர் சொச்சம். நங்கவள்ளி, வனவாசி தாண்டினால் வந்துவிடும். 1924ல் சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் ஒப்பந்தம் போட்டு, 1925ல் வேலை ஆரம்பித்து, 1934 ஆகஸ்ட் 21ல் திறந்த அணை. கவர்னர் ஸ்டான்லி பேரில் ஸ்டான்லி நீர்த்தேக்கம். முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி., நீர்மட்டம் 120 அடி. இதெல்லாம் பேப்பரில் தினமும் வருவதால் நமக்கு மனப்பாடம்.

பேப்பரில் அவ்வளவாக வராத ஒரு எண் இருக்கு. நிரம்பியிருக்கும்போது நீர்ப்பரப்பு 59.25 சதுர மைல், அதாவது 153 சதுர கிலோமீட்டர். இங்கிலாந்திலேயே பெரிய ஏரியான விண்டர்மியர் 15 சதுர கிலோமீட்டர்கூட முழுசாக இல்லை. அந்த மாதிரி பத்து ஏரி மேட்டூருக்குள் அடங்கும். கொடைக்கானல் ஏரியை எடுத்தால் அறுநூறு ஏரி. அறுநூறு! அத்தனை தண்ணீரை விட்டுவிட்டு நாம் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, வாந்தி எடுத்து, கியூவில் நிற்கிறோம்.

மேட்டூரில் படகே இல்லையா என்றால், உண்டு. பரிசல். பண்ணவாடிக்கும் அக்கரையில் தருமபுரி மாவட்டத்து நாகமரைக்கும் நடுவே, கோட்டையூருக்கும் ஒட்டனூருக்கும் நடுவே காலங்காலமாக ஜனங்கள் நீர்த்தேக்கத்தைப் படகிலும் பரிசலிலும் கடந்திருக்கிறார்கள். ரோட்டில் சுற்றிப் போனால் ரொம்ப தூரம். மீன்பிடிப்பதும் பரிசலில்தான். அணைப் பக்கம் மீன் வறுவல் சாப்பிடாமல் யாரும் திரும்பியிருக்க மாட்டீர்கள். அந்த மீன் உங்கள் இலைக்கு வருவதற்கு முன்னால் ஒரு ஆள் விடியக்காலையில் தனியாகப் பரிசலில் போய் வலை எடுத்திருக்கிறார். ஆக, எங்க பக்கம் படகு என்றால் வேலை. விடுமுறை இல்லை.

அந்தத் தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அணை கட்டியபோது கரையோர ஊர்கள் மூழ்கின. ஜனங்கள் மேட்டுப் பக்கம் குடிபெயர்ந்தார்கள். நீர்மட்டம் வெகுவாக இறங்கும் வருஷங்களில் பண்ணவாடிப் பக்கம் பழைய ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தி தலை தெரியும், பழைய கிறிஸ்தவ தேவாலயத்தின் கோபுரம் தெரியும். உடனே டிவிக்காரர்களும் கூட்டமும் போய்விடும். எங்க ஊர்ப் பேரும் அந்த சாமி பேரும் ஒத்துப்போவது எனக்கு எப்பவும் ஒரு மாதிரி இருக்கும். தஞ்சாவூருக்கு நெல் விளைய, இங்கே ஒரு கோயில் தண்ணீருக்குள் உட்கார்ந்திருக்கிறது. அந்த மாதிரி இடத்தில் ஜாலியாக படகு விடலாமா என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. என் பதில், விடலாம், ஆனால் அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு விடலாம். தெரியாமல் கரையில் நின்று செல்ஃபி எடுப்பதைவிட அது மரியாதை.

நமக்குத் தண்ணீர் விடுமுறையே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆடிப்பெருக்கு இருக்கே! ஆடி பதினெட்டு அன்றைக்கு மேட்டூருக்கு எத்தனை குடும்பம் வருகிறது. காவேரியில் தலை முழுகி, புது மஞ்சக்கயிறு மாற்றி, அணைக்கட்டு முனியப்பனைக் கும்பிட்டு, கட்டிக்கொண்டு வந்த புளிசாதத்தைக் கரையில் உட்கார்ந்து சாப்பிடுவது. அப்பத்தா முதல் கைக்குழந்தை வரை குடும்பம் முழுக்க தண்ணீரோடு கழிக்கும் நாள். இங்கிலாந்துக்காரனின் ஏரி விடுமுறையைவிட இது பழசு. ஒரே வித்தியாசம், நம்ம விடுமுறை கரையோடு முடிகிறது. தண்ணீர் நமக்கு அம்மன். கும்பிடுவோம், முழுகுவோம், மேலே ஏறிப் பயணம் போக மாட்டோம்.

பரிசலுக்கு ஏன் பாய் கட்டவில்லை?

ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும் என்பார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று கொங்கு நாட்டைத் தாண்டி எங்க பக்கம் வரைக்கும் வீசும். காற்றும் இருக்கு, தண்ணீரும் இருக்கு, அப்புறம் பரிசலில் ஏன் பாய் கட்டி ஓட்டவில்லை?

விஷயம் படகின் அடியில் இருக்கிறது. பரிசல் வட்டம். மூங்கில் பத்தைகளைக் கூடை மாதிரி பின்னி, முன்காலத்தில் தோல் போர்த்துவார்கள், இப்போது பிளாஸ்டிக் தாளும் தாரும். அடி தட்டை. பாறை நிறைந்த ஆழமில்லாத காவேரிக்கு அதைவிட நல்ல படகு கிடையாது. பாறையில் இடித்தால் உடையாது, வழுக்கிக்கொண்டு போகும். வேலை முடிந்தால் தலையில் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு நடக்கலாம். ஆனால் அதில் பாய் கட்டினால் காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் போகும், சும்மா பம்பரமாகச் சுற்றும்.

டிங்கியின் நடுவில் ஒரு பலகை உண்டு. படகின் அடி வழியாகத் தண்ணீருக்குள் கத்தி மாதிரி இறங்கி நிற்கும். காற்று படகைப் பக்கவாட்டில் தள்ளும்போது இந்தப் பலகை வழுக்க விடாது. பக்கவாட்டில் போக முடியாத படகு முன்னால் போகிறது. ஈரமான மாம்பழக் கொட்டையை ரெண்டு விரலால் அழுத்தினால் முன்னால் பிதுங்கிக்கொண்டு ஓடுமே, ஏறக்குறைய அதே கணக்கு. இதனால்தான் எதிர்க்காற்றிலும் இடம் வலமாக வளைந்து வளைந்து முன்னேற முடிகிறது. கரை ஆழமில்லை என்றால் பலகையை மேலே இழுத்துக்கொள்ளலாம்.

ஆக, நம்ம ஆளுக்கு மூளை இல்லாமல் பாய் கட்டாமல் விடவில்லை. ஓடும் ஆற்றுக்கு என்று செய்த படகு அது. 1934க்குப் பிறகு ஆறு கடல் மாதிரி ஆகிவிட்டது. படகு மட்டும் ஆற்றுப் படகாகவே நின்றுவிட்டது.

தேக்கடி, 2009

இதெல்லாம் வெறும் பொழுதுபோக்குப் பேச்சு என்று நினைப்பவர்களுக்கு ஒரு தேதி சொல்கிறேன். 2009 செப்டம்பர் 30.

தேக்கடி ஏரியும் அணையால் வந்த ஏரிதான். 1895ல் பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை. மதுரைச் சீமையின் வயலுக்காகக் காட்டை மூழ்கடித்த தண்ணீர். பட்டுப்போன மரங்கள் இன்னும் நீருக்கு வெளியே நிற்கும். அன்றைக்கு சாயங்காலம் கேரள சுற்றுலாக் கழகத்தின் 'ஜலகன்யகா' என்ற ரெண்டு அடுக்குப் படகு கவிழ்ந்தது. 45 பேர் இறந்தார்கள். அதில் நம்ம தமிழ்நாட்டுக்காரர்கள் நிறைய. குழந்தைகளும் உண்டு. லீவுக்குக் குடும்பத்தோடு வந்தவர்கள். கரையில் மிருகங்களைப் பார்க்க எல்லாரும் ஒரே பக்கம் போனதும் படகு சாய்ந்தது என்று தப்பித்தவர்கள் சொன்னார்கள். லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கவில்லை. படகு தண்ணீரில் இறங்கி ரெண்டு மாசம்கூட ஆகியிருக்கவில்லை.

படகின் வடிவம், மேலடுக்கில் கூட்டம், கண்காணிப்பு என்று பொறுப்பு பல இடத்தில் இருக்கிறது. பயணிகள் மேல் பழி போடுவது அநியாயம். அவர்களிடம் யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை. நான் சொல்வது வேறு. டிங்கி பழகும் பிள்ளைக்கு ஆரம்பத்திலேயே சொல்லித் தருவது படகு ஓட்டுவதை மட்டும் இல்லை, படகைக் கவிழ்ப்பதையும்! வேண்டுமென்றே கவிழ்த்து, தண்ணீரில் விழுந்து, லைஃப் ஜாக்கெட்டோடு மிதந்து, அந்த நடுப்பலகையில் ஏறி நின்று படகை நிமிர்த்தப் பழக வேண்டும். அப்படிப் பழகிய பிள்ளைக்கு எடை எந்தப் பக்கம் போனால் படகு என்ன செய்யும் என்று உடம்புக்கே தெரியும். நைனிதாலில் நீச்சல் தெரியாத நர்சிங்கை மிரட்ட முடிந்தது போல, தண்ணீர் தெரியாத ஜனங்களைத் தண்ணீர் எப்போது வேண்டுமானாலும் மிரட்டலாம்.

கடல் இல்லாத ஊரிலிருந்து ஒரு வெள்ளி

"இதெல்லாம் கடற்கரைக்காரங்களுக்கும் பணக்காரங்களுக்கும் சார்" என்று சொல்வது சுலபம். கொஞ்ச காலம் அது உண்மையாகவும் இருந்தது. சென்னையில் துறைமுகத் தலைவராக இருந்த பிரான்சிஸ் ஸ்பிரிங் 1911ல் ஆரம்பித்த ராயல் மெட்ராஸ் யாட் கிளப் அந்த வகைதான். ஆனால் பின்னால் வந்த தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கம் கோடைப் பயிற்சி முகாம் நடத்தியது. அந்த மாதிரி ஒரு கோடை முகாமில் பாய் பிடிக்கக் கற்றுக்கொண்ட சென்னைப் பெண் நேத்ரா குமணன், ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். 2021ல் டோக்கியோ, 2024ல் பாரிஸ். ஒரு மே மாச லீவு எங்கே கொண்டுபோய் விட்டது பாருங்க.

என்னை அதைவிட யோசிக்க வைத்தது நேஹா தாக்கூர். மத்தியப் பிரதேசம் தேவாஸ் மாவட்டத்துக் கிராமம், விவசாயக் குடும்பம். பக்கத்தில் கடலே கிடையாது. போபாலில் உள்ள பாய்மரப் பள்ளியில், அந்த ஊர்ப் பெரிய ஏரியில் பழகினார். 11ம் நூற்றாண்டில் போஜ ராஜா கட்டியதாகச் சொல்லப்படும் ஏரி அது. ஊருக்குக் குடிதண்ணீர் கொடுக்கும் ஏரியும் அதுதான். 2023ல் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டில், 17 வயசில், டிங்கிப் போட்டியில் வெள்ளி வாங்கினார். அதே போட்டிகளில் வேலூர்க்காரர் விஷ்ணு சரவணன் வெண்கலம் வாங்கினார்.

போபால் பெரிய ஏரி நிரம்பினால் சுமார் 31 சதுர கிலோமீட்டர். மேட்டூரில் ஐந்தில் ஒரு பங்கு. குடிதண்ணீர் ஏரியில் பாய்மரம் விடலாமா என்றால், பாய்க்கு டீசல் வேண்டாம், புகை இல்லை, எண்ணெய் சிந்தாது. மேட்டூரில் சிக்கல்கள் இருக்கத்தான் செய்யும். நீர்மட்டம் ஏறும், இறங்கும். மீனவர் வலை இருக்கும். அவர்கள் பிழைப்புக்கு இடைஞ்சல் வரக்கூடாது. வெள்ளம் வரும்போது ஒகேனக்கல்லில் பரிசலை நிறுத்துவது போல இங்கேயும் நிறுத்த வேண்டும். ஆனால் ஒரு பத்து ஆப்டிமிஸ்ட் படகு, ரெண்டு பயிற்சியாளர், கூடவே தண்ணீரை அடி முதல் நுனி வரை தெரிந்த பண்ணவாடி பரிசல்காரர்கள் நாலு பேர் சம்பளத்தோடு. மே மாசம் சுத்துப்பட்டு கவர்ன்மெண்ட் ஸ்கூல் பிள்ளைகளுக்கு ஒரு முகாம். அணைக்கட்டுக்கு ஆகும் செலவு இல்லை இது. ஒரு கல்யாண மண்டபத்துச் செலவு.

அது நடக்கும்வரை நம்மால் ஆனதைச் செய்யலாம். அடுத்த தடவை ஏற்காட்டிலோ ஒகேனக்கல்லிலோ படகு ஏறும்போது, லைஃப் ஜாக்கெட்டின் பட்டையை நீங்களே இழுத்துக் கட்டுங்க, பிள்ளைக்கும் கட்டுங்க, வெயிலாக இருந்தாலும் கழற்றாதீங்க. யானை தெரியுது என்று யாராவது கத்தினால் உட்கார்ந்த இடத்திலிருந்தே பாருங்க. முடிந்தால் மோட்டார் படகை விட்டுவிட்டுத் துடுப்புப் படகு கேளுங்க. கூட வரும் படகுக்காரரிடம் சொல்லி, பத்து நிமிஷம் துடுப்பைப் பிள்ளை கையில் கொடுத்துப் பாருங்க. படகு கோணலாகப் போகும், தண்ணி தெறிக்கும், வீட்டம்மா திட்டுவாங்க. பரவாயில்லை. நம்ம பிள்ளை படகு ஓட்டக் கற்றுக்கொள்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்க.

டிஸ்கி: எங்க ஊர்ப் பேருக்கும் ஜோசியத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வரும் வெளியூர்க்காரர்கள் தைரியமாக வரலாம். காப்பி உண்டு, தண்ணியும் உண்டு :)